பாஸ்டரின் அங்கிக்குள் இருந்த ரகசியம்

பாஸ்டரின் வெள்ளை அங்கிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்! ஆற்றில் இறங்கி மீன் பிடிப்பவர்கள் போட்டுக்கொள்வார்களே, பாதத்தில் தொடங்கி மார்பு வரை ஒரே துண்டாக ஏறும் ரப்பர் உடுப்பு, அதேதான். தோளில் மாட்ட இரண்டு பட்டைகள் வேறு. இடுப்பளவு தண்ணீரில் நின்று வரிசையாக ஞானஸ்நானம் கொடுக்கிறார். கொயர் அடுத்த பாட்டை முடிப்பதற்குள் உலர்ந்த சட்டையும் டையுமாக மேடையில் வந்து நிற்கிறார். எப்படி? இப்படித்தான்! பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பலருக்கே தெரியாத விஷயம் இது. அந்த உடுப்பு தொங்கிய ஆணிக்கு அடுத்த ஆணியில்தான் என் கைப்பையை மாட்டியிருந்தேன்.

இடம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா. நகரின் மேற்குப் பக்கம், செங்கல் கட்டிய, வெள்ளைக் கோபுரம் வைத்த ஒரு பாப்டிஸ்ட் ஆலயம். கறுப்பின மக்களின் சபை. பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. அங்கே கொயரில் பாடும் ஒரு பெண்மணி என் அக்காவோடு வேலை பார்க்கிறவர். “ஆராதனை பதினோரு மணிக்கு. ஆனா நீ எட்டு மணிக்கே வந்துடு கண்ணு. பின்வாசல் வழியா வா” என்றார். பின்வாசல்! அந்த ஒரு சொல்லிலேயே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு வேறு. ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டுமே அன்றைக்குத்தான்.

நமக்கு ஆர்.சி. தெரியும், சி.எஸ்.ஐ. தெரியும், பெந்தெகொஸ்தே தெரியும். பாப்டிஸ்ட் சபைகள் தமிழ்நாட்டில் குறைவு. ஆந்திராவுக்கோ நாகாலாந்துக்கோ போனால் நிறையப் பார்க்கலாம். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் தேடிப் போயிருந்த ஆங்கிலேயர்கள் சிலரிடம் தொடங்கிய மரபு இது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விசுவாசம் இன்னதென்று புரிந்து, தானே வாய்திறந்து கேட்கிறவருக்குத்தான். தலையில் தெளிப்பதும் இல்லை, ஆளையே முழுக்குவார்கள். மேலே பிஷப் என்று ஒருவர் இல்லை. ஒவ்வொரு சபையும் தானே வாக்களித்துத் தன் போதகரைத் தேர்ந்தெடுக்கும். அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்! இதே ஜார்ஜியாவின் சவானா நகரில், அடிமை முறை ஓங்கி நின்ற பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்கள் தங்களுக்கென்று சபை கண்டுவிட்டார்கள். அந்தச் சபையின் ஆலயத்தில், அடித்தளத் தரைப்பலகையில் வைர வடிவத்தில் துளைகள் உண்டு. தப்பி ஓடி வந்தவர்கள் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சு விட்ட துளைகள் அவை என்று சபையார் இன்றும் சொல்கிறார்கள். பின்கட்டு என்றால் அதுவல்லவா பின்கட்டு!

சரி, எங்கள் பின்வாசலுக்கு வருவோம்.

முதலில் தொட்டி. கொயர் உட்காரும் படிக்கட்டு வரிசைக்கும் மேலே, சுவரில் ஒரு பெரிய சன்னல் மாதிரி திறப்பு, அதற்கு நீலத் திரை. திரைக்கு அந்தப் பக்கம்தான் ஞானஸ்நானத் தொட்டி. பின்சுவர் முழுக்க யோர்தான் நதி: யாரோ ஒரு சபையார் கையால் வரைந்த, நாணலும் மலையுமாகக் கண்ணைப் பறிக்கிற பச்சை. இடது பக்கம் ஆண்களுக்குப் படி, வலது பக்கம் பெண்களுக்குப் படி. படியின் மேல் முனையில் பக்கத்துக்கு ஒரு உடை மாற்றும் அறை. சனிக்கிழமை மத்தியானமே சபைப் பணிகளைக் கவனிக்கும் ஒரு டீக்கன் வந்து தண்ணீர் திறந்து, ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போகிறார். நான் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு! “என் காலத்துல ஆத்துலதான். மார்ச் மாசக் குளிர்ல பல்லு கிடுகிடுன்னு ஆடும்” என்றார் எழுபதைத் தாண்டிய அந்த டீக்கன். ஆனாலும் ஹீட்டர் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. வெப்பம் காட்டும் முள்ளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வெள்ளை அங்கிகள் கம்பியில் தொங்கின. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், கீழ்விளிம்பு கனத்தது. கரையை மடித்துத் தைத்து, உள்ளே சின்னச் சின்ன எடைக்குண்டுகள்! இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் அங்கி குடையாக விரிந்து மேலே மிதந்துவிடுமாம். தைத்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “யாரோட மானமும் போகக்கூடாது, பாரு. வாழ்க்கையிலயே பெரிய நாள் அது” என்றார். எத்தனை ஆராதனைகளைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருப்பார்கள், இந்த எடைக்குண்டைப் பற்றி எழுதியவர் யார்? எனக்கு அந்தத் தையலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே.

மைக் மட்டும் தொட்டிக்கு எட்டாத உயரத்தில், கூரையிலிருந்து தொங்குகிறது. தண்ணீரில் நிற்பவர் கை அதில் படவே கூடாது. 2005இல் டெக்சாஸில் ஒரு இளம் போதகர் தொட்டிக்குள் நின்றபடி மைக்கைச் சரிசெய்யத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார். டீக்கன் அதைச் சொல்லிவிட்டு, மைக் கம்பியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனசு ஆந்திராவின் ஓங்கோலுக்குப் போய்விட்டது. தாது வருஷப் பஞ்சம் நமக்குத் தெரியும். அப்போது ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைத் தானே ஒப்பந்தம் எடுத்து, பசியோடு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். ஆம், சென்னை வரை வருகிற அதே பக்கிங்ஹாம் கால்வாய்! சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று பஞ்ச காலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தியே வைத்திருந்தார். பிறகு 1878 ஜூலை 3ஆம் தேதி, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மாதிகா மக்கள். இதை டீக்கனிடம் சொன்னேன். “ரெண்டாயிரத்து இருநூறு பேரா? ஒரே நாள்லயா?” என்று கேட்டுவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்!

அடுத்து நான் தேடிப் போனது ஆர்கன். இந்தச் சபைகளின் உயிர்நாடி ஹாமண்ட் பி-3. ஆலயங்களில் இருக்கும் குழாய் ஆர்கன் இல்லை இது. லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் மின்சாரக் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். கடிகாரத்தைச் சீராக ஓட்டுகிற மோட்டாரை வைத்தே ஒரு வாத்தியம் செய்து 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பி-3 வந்தது 1954இல். உள்ளே 91 உலோகச் சக்கரங்கள் காந்தத்துக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். குழாய் ஆர்கனை நினைத்துப் பார்க்கவே முடியாத சபைகளுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது. விளக்குகள் வைத்து மினுக்கும் இன்றைய கீபோர்டுகள் எத்தனை வந்தும் இந்தக் கிழட்டுப் பெட்டியை இவர்கள் விடவில்லை, விடவே கூடாது என்பேன்.

ஆர்கன் வாசிப்பவர் முப்பது வயதுக்காரர், பேசவே கூச்சப்படுகிறவர். ஆனால் வாத்தியத்தைப் பற்றிக் கேட்டதும் மலர்ந்துவிட்டார். “நீங்களே எழுப்புங்க” என்றார். இரண்டு விசைகள். முதல் விசையை அழுத்தி ஒன்று, இரண்டு என்று சில விநாடி பிடித்திருக்க வேண்டும். உள்ளே சக்கரங்கள் சுழலத் தொடங்கி ஒரு முனகல் கேட்கும். பிடியை விடாமல் இரண்டாவது விசையையும் தட்ட வேண்டும். தட்டினேன். எழுந்துவிட்டது! பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு நிற்கும் லெஸ்லி ஸ்பீக்கரின் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கொம்பு போன்ற ஒலிபெருக்கி நிஜமாகவே சுற்றுகிறது! மெதுவாகச் சுற்றினால் ஓசை அசைந்தாடும். வேகமாகச் சுற்றினால் நடுங்கும், அழும், சிலிர்க்கும். இடது பாதம் கீழ்ச்சுரக் கட்டைகளில், வலது பாதம் ஒலி கூட்டும் பெடலில், இரண்டு கைகளும் இரண்டு வரிசைக் கட்டைகளில், கண் மட்டும் பாஸ்டரின் தோளில். “ஏன் தோள்?” என்றேன். “அவர் மூச்சு இழுக்கிறது தோள்லதான் தெரியும்” என்றார்.

அவர் பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு பெண்மணியின் படம். ஆல்பர்ட்டா கிங். மார்ட்டின் லூதர் கிங்கின் தாய். அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் கொயரையும் ஆர்கனையும் பல ஆண்டுகள் நடத்தியவர். 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். மகனை இழந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. முந்தின நாள்தான் ஆபர்ன் அவென்யூவில் அந்த ஆலயத்துக்குப் போயிருந்தேன். 1922இல் கட்டி முடித்த பழைய கட்டடம் இப்போது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. சபை, 1999இல் கட்டி முடித்த புதிய ஆலயத்தில் கூடுகிறது. ஆர்கன்காரர் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை. விசையைத் தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அன்று நானும் பார்த்தேன்.

பத்தரை மணிக்குக் கீழ்த்தளம் கல்யாண வீடு! கொயரின் ஊதா அங்கிகளுக்கு இஸ்திரி ஓடுகிறது. ஒருவர் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரைச் சுற்றிக் கொடுக்கிறார். சபையின் மூத்த பெண்களை ‘மதர்’ என்றுதான் அழைக்கிறார்கள். முதல் ஞாயிறு என்பதால் அவர்கள் எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை. அந்தத் தொப்பிகள்! வலை வைத்தது, இறகு வைத்தது, தட்டு அகலத்துக்கு விரிந்தது. தனித்தனி வட்டப் பெட்டிகளில் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்து, கண்ணாடி முன்னால் இரண்டு ஊசிகளால் நிலைநிறுத்தப்படுகின்றன. ஒரு மதர் என் வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, “அடுத்த தடவை நான் ஒண்ணு தர்றேன் கண்ணு” என்றார்.

வாசலில் நிற்கும் அஷர்கள் தனி உலகம். வெள்ளைக் கையுறை, ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் மடித்தபடி. ஆராதனை நடக்கும்போது வாய் திறந்து பேசமாட்டார்கள், எல்லாம் கை ஜாடைதான். விரல்களைக் காட்டினால் எத்தனை இடம் காலி என்று அர்த்தம். இதற்கென்று பயிற்சி உண்டு, 1919இல் தொடங்கிய தேசியச் சங்கமே உண்டு! அலமாரியில் அவர்கள் அடுக்கி வைத்திருந்தது: குச்சி வைத்த அட்டை விசிறிகள் (ஒருபக்கம் டாக்டர் கிங், மறுபக்கம் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் விளம்பரம்), காகிதக் கைக்குட்டைப் பெட்டிகள், மடித்த வெள்ளைத் துணிகள். துணி எதற்கு? ஆவியில் நிறைந்து யாராவது கீழே விழுந்தால் ஓடிப்போய்க் கால்மேல் போர்த்த.

பதினோரு மணி. இனி நடந்ததை நான் எப்படிச் சொல்லுவேன்!

கொயர் பின்னாலிருந்து நடுவழியாக வருகிறது; நடை இல்லை, அசைவு. ஒரு அடி வலம், ஒரு அடி இடம். நாற்பது ஊதா அங்கிகள் ஒன்றாகச் சாய்கின்றன. திரை விலகியது. யோர்தானுக்கு முன்னால் பாஸ்டர். முதலில் இறங்கியது ஒன்பது வயசுப் பையன். மூக்கை மூட ஒரு கைக்குட்டை. பாஸ்டரின் ஒரு கை அவன் பிடரியில், இன்னொரு கை அவன் மணிக்கட்டுகள் மேல். காலையில் ஒத்திகை பார்த்தபோது அவனிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது: “முழங்காலை மட்டும் மடக்கு தம்பி, மிச்சத்தை என்கிட்ட விடு.” மடக்கினான். முழுகினான். தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்ததும், முதல் பெஞ்சில் அவன் பாட்டி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார். அவரோடு ஆலயமே எழுந்துவிட்டது. படியின் மேலே துண்டை விரித்துக் காத்திருந்தவர் அந்த எடைக்குண்டு தைத்தவரேதான்.

“புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க” என்றார்கள். நின்றேன். பெயரும் ஊரும் சொன்னேன். சென்னை என்றதும் கைதட்டல்! வரிசை வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள். எந்தத் தோளில் எந்த வாசனைத் தைலம் என்று இப்போதும் சொல்லுவேன்.

பிறகு பிரசங்கம். எலிசாவிடம் வந்த ஏழை விதவையின் கதை: வீட்டில் ஒரு குடம் எண்ணெய்தான் மிச்சம், அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கடன் வாங்கச் சொல்கிறார் தீர்க்கதரிசி. பாஸ்டர் மெதுவாக, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தொடங்கினார். சபை சும்மா இருக்கவில்லை. “ம்ம், சொல்லுங்க!” “நிதானமா சொல்லுங்க பாஸ்டர்!” வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவாரே, இங்கே ஆலயம் முழுக்க அந்த ‘ஆமா’தான். ஓரிடத்தில் பிரசங்கம் கொஞ்சம் தொய்ந்தது. உடனே ஒரு மதர், “ஆண்டவரே, அவருக்கு உதவி செய்யும்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி என் காதில் கிசுகிசுத்தார்: “இன்னும் பிடிக்கலைன்னு அர்த்தம்.” பாஸ்டருக்கும் புரிந்தது. குறிப்புத் தாளை மூடி வைத்தார். “பாத்திரம் தீர்ந்ததும்தான் எண்ணெய் நின்னுது, எண்ணெய் தீரலை!” என்றார். பிடித்துக்கொண்டது!

தோள் உயர்ந்தது, ஆர்கன் உள்ளே வந்தது. ஒரு வாக்கியம், ஒரு ஆர்கன் வெட்டு. இன்னொரு வாக்கியம், இன்னொரு வெட்டு. பேச்சு மெல்ல மெல்ல சுருதியில் ஏறி, எந்த நொடியில் பாட்டானது என்று பிடிக்கவே முடியவில்லை. இதை ‘வூப்’ என்கிறார்கள். பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் தந்தை, டெட்ராய்ட் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் சி.எல். ஃபிராங்க்ளின் இதில் மன்னர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாகவே விற்றன. காலையிலிருந்து பின்கட்டைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது, பின்கட்டு கீழ்த்தளத்தோடு முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் வேலை பார்க்கிறார்கள். பிரசங்கத்தை அவர்களும் சேர்ந்துதான் செய்கிறார்கள். 1963 வாஷிங்டன் பேரணியில் கிங் எழுதி வைத்ததை வாசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மஹாலியா ஜாக்சன் அந்தக் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார் என்று அங்கே இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மஹாலியா, பாப்டிஸ்ட் கொயரில் வளர்ந்த பாடகி. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சிலிருந்து வருகிற அதே குரல்தான் அன்று வாஷிங்டனிலும் வந்தது!

கிங் நம் பக்கம் வந்தவர். 1959இல் இந்தியாவில் பயணம் செய்தபோது கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னால், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், நம்மைப் போலவே தீண்டத்தகாத ஒருவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்தவர், யோசித்துப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்துகொண்டார். 1965 ஜூலை 4 அன்று எபனேசர் பிரசங்க மேடையிலிருந்து இதைத் தன் சபைக்குச் சொன்னார். அந்த ஆலயத்தின் பெஞ்சில் கை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்ததற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

மறுபடி ஆராதனைக்கு வருவோம். பிரசங்கம் உச்சத்தில் நின்றதும் ஆர்கன் விடவில்லை, டிரம்ஸும் சேர்ந்துகொண்டது. அஷர்கள் ஜாடை காட்டி வழி ஒதுக்க, வெள்ளை உடையில் ஒரு மதர் நடுவழியில் கால் பின்னி ஆடினார். தொப்பி அசையவே இல்லை. அந்த இரண்டு ஊசிகள்!

காணிக்கைக்குத் தட்டு வரவில்லை. எல்லாரும் வரிசையாக நடந்து முன்னால் போய்ப் போட்டார்கள். திருவிருந்துக்கு விரல் உயரக் கோப்பைகளில் திராட்சைச் சாறு. அத்தனை கோப்பைகளையும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இரண்டு டீக்கனஸ்கள் காலையில் நிரப்பியதைப் பார்த்திருந்ததால், என் கோப்பையை எடுக்கும்போது அவர்கள் இருவரையும் தேடிப் பார்த்துத் தலையசைத்தேன். புளிக்காத சாறு அது. சாறு புளிக்காமல் காக்கும் வழியை 1869இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் கண்டுபிடித்தார். மது விலக்கிய சபைகள் எல்லாம் அவருக்குக் கடன்பட்டவை.

அப்புறம் சாப்பாடு! கீழ்த்தளக் கூடத்தில் நீள மேசைகள். பொரித்த கோழி, சீஸ் வழியும் மக்ரோனி, நெடுநேரம் வேகவைத்த காலர்ட் கீரை, சோள ரொட்டி, பவுண்ட் கேக், பல்லைக் கூசவைக்கும் இனிப்பில் ஐஸ் டீ. கீரையில் இறைச்சி போட்டிருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பே ஒருவர், “இந்தப் பாத்திரம் இறைச்சி போடாதது, உங்க ஊர்க்காரங்களுக்காகச் செஞ்சேன்” என்று தனியாக நகர்த்தினார். ஆர்கன்காரர் மூன்றாவது தட்டில் இருந்தார். ஞானஸ்நானம் பெற்ற பையன் தலை இன்னும் ஈரமாக மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்தான். பாஸ்டர் ரப்பர் உடுப்பைக் கழுவி வெயிலில் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “நல்லாப் பார்த்தீங்களா?” என்றார். மூன்றாம் ஞாயிறு இளைஞர் கொயராம்; வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகையாம். வரட்டுமா என்று கேட்டேன். பின்வாசல் பூட்டியிருக்காது என்றார்கள். தொப்பிக்குத் தலை அளவும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்!